பத்து நிமிஷத் தூசி

பீங்கான் கம்பெனி ஸ்டோரில் அன்புக்கரசி பூட்டி வைத்திருந்த நாற்பது மாஸ்க்குக்கும் வருஷத்தில் ஒரே நாள்தான் வேலை. ஆய்வுக்கு அதிகாரி வரும் காலையில் எடுத்துக் கொடுப்பாள். ஜீப் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி வைப்பாள். அன்றைக்கு அரவை மில்லும் ஓடாது. தூசியில்லாத கொட்டகையைப் பார்த்துத் திருப்தி என்று எழுதிவிட்டு, முந்திரி தின்று கிளம்புவார் அந்தப் புண்ணியவான்.

முதலாளி ஆதிநாராயணனுக்கு அறுபத்தேழு வயது. விடியலில் பெரிய கோயில் மதிலை நாலு சுற்று வருவார், மூச்சு வாங்காது. அன்புக்கரசியின் புருஷன் கொளஞ்சிநாதனுக்கு நாற்பத்து மூன்று. அந்தக் கொட்டகையில் பதினாறு வருஷம் வெள்ளைக்கல் அரைத்தவன். இப்போது குழாயடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறான். வைத்தியத்துக்கு உதவி கேட்டுப் போனவளிடம், பீடி குடித்துக் கெட்ட நெஞ்சுக்கு நான் என்ன செய்வது என்றார் முதலாளி. கொளஞ்சிநாதன் பீடியைத் தொட்டதே இல்லை.

வயிறெரிந்து போய், கொளஞ்சியப்பர் கோயிலில் அவர்மேல் பிராது எழுதிக் கட்டினாள். தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைக்கும் என்பார்கள். நூறும் தாண்டியது. சாமிக்கு ஆயிரம் வேலை, அந்தத் தூசியை முதலாளியைத் தின்னவைப்பது நம் வேலை என்று முடிவு செய்தாள்.

இந்த வருஷமும் அதிகாரி வந்தார். முதலாளியே அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். முந்தின நாள் போட்ட கல் மில்லுக்குள் கிடந்தது. அன்புக்கரசி கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். உள்ளே கதவை இடித்தார்கள். மாஸ்க்கோடு வெளியே வரிசையில் நின்ற ஆட்களில் ஒருவரும் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் திறந்தாள்.

இரண்டு பேரும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வெளியே வந்தார்கள். முதலாளி குனிந்து குனிந்து இருமினார்.

“கொல்லப் பாத்தியாடி? இந்தத் தூசில மனுசன் பத்து நிமிசம் இருக்க முடியுமா?”

“எங்க வூட்டுக்காரரு பதினாறு வருசம் இருந்தாருங்க.”

அதிகாரி காறித் துப்பிவிட்டு ஃபைலைத் திறந்து, இந்தத் தூசியில் மனுஷன் பத்து நிமிஷம் இருக்க முடியாது என்று முதலாளி சொன்னதை அப்படியே எழுதினார். நியாயம் பிறந்து எழுதவில்லை, அவர் நெஞ்சும் எரிந்தது.

அவளுக்கு வேலை போனது, போலீஸில் புகாரும் ஆனது. பத்து நிமிஷத் தூசிக்கு ஸ்கேன் எடுக்க முதலாளி அன்று மதியமே சென்னைக்குப் போனார். ஒன்றுமில்லை என்று திரும்பினார். கொட்டகைக்கு மறுவாரமே சீல் வைத்தார்கள்.

கொளஞ்சிநாதன் நடந்ததை மூன்று தரம் சொல்லச்சொல்லிக் கேட்டான். சிரிக்கப் போய் இருமல் வந்தது. அடங்கியதும், கோயில் பிராதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று கேட்டான்.

“இருக்கட்டும்,” என்றாள் அன்புக்கரசி. “இது நான் செஞ்சது. சாமி செய்யறது இன்னும் இருக்குது.”