பண்ணையில் குடியிருந்தவர்கள்

பண்ணைக் கழிவறையின் சாவி கோபாலகிருஷ்ணனின் கார்ச் சாவிக்கொத்தில்தான் எப்போதும் தொங்குகிறது என்பது கலாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிய வந்தது.

நகரத்தின் கடைசிப் புறநகரான கிரெய்கிபர்னைத் தாண்டி வடக்கே கிடந்த மேய்ச்சல் நிலம் ஒன்றை ஆறு தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கியிருந்தன. கலாவின் கணவர் ஈஸ்வரமூர்த்திக்கும் அதில் ஒரு பங்கு. நஞ்சில்லாத காய்கறி, பிள்ளைகளுக்கு மண்ணோடு பழக்கம் என்று வாங்கும்போது அழகாகத்தான் பேசினார்கள். நகரம் அந்தப் பக்கம் வளர்ந்து வரும், அப்போது மனை பிரித்து விற்கலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுவரை விவசாயம் நடந்தால்தான் நிலவரி விலக்கு. அதற்கு அங்கேயே தங்கி மண்ணைக் கொத்த ஆள் வேண்டும்.

அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் சதீசனும் வதனியும். கணவன் மனைவி இருவரும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். வருடக்கணக்காகத் தற்காலிக விசாவிலேயே காலம் தள்ளுகிறவர்கள். இருக்க இடம் இலவசம் என்று சொல்லிக் கூலியைக் குறைத்தார், பங்குதாரர்களில் முன்நின்று எல்லாம் பார்த்துக்கொண்ட கோபாலகிருஷ்ணன். அந்த இடம், துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஒரு சரக்கு கன்டெய்னர்.

கலா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சனி, ஞாயிறு பெரும்பாலும் ஷிஃப்ட் இருக்கும். அதனால் பண்ணைக்கு அவள் போனது குறைவு. அந்த ஞாயிறு போனபோது வதனியோடு சேர்ந்து கீரை பறித்தாள். நடுவில் கழிவறைக்குப் போகலாம் என்று எழுந்து பார்த்தால், ஓரமாக நின்ற பிளாஸ்டிக் கழிவறையில் பூட்டுத் தொங்கியது.

"திறப்பு கோபால் அண்ணையிட்ட இருக்கு, அக்கா. அவை வாற நாளிலதான், கேட்டால் திறந்து விடுவினம்" என்றாள் வதனி.

"அப்ப மத்த நாள்ல நீங்க?"

வதனி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வேலிக்கு அப்பால் இருந்த யூகலிப்டஸ் மரங்களைக் கையால் காட்டினாள். கலா நடந்து போய், வதனி கூப்பிடாமலே கன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்தாள். கூரையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. தகரச் சுவரில் வேர்த்து வழிந்த தண்ணீர் மெத்தையின் ஓரத்தை ஊற வைத்திருந்தது. ஈரமும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. மூலையில் மூடிபோட்ட வாளி ஒன்று இருந்தது. அது எதற்கென்று அவள் கேட்கவில்லை.

வெளியே புல்வெளியில் ஜமக்காளம் விரித்துப் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கோபாலகிருஷ்ணன் தம்பியைப் பார்க்கக் கனடா போய் வந்தவர். அங்கே பழைய குடியேற்றக் கிராமம் ஒன்றை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம். படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் மொத்த ஊரிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தானாம். மரக்கட்டை அடுக்கிய ஒற்றை அறை வீடு, அதில் அப்பா அம்மா, ஏழெட்டுப் பிள்ளைகள், குளிர்காலத்தில் ஆட்டுக்குட்டியும் கூட. காட்டை வெட்டி, அடிக்கட்டைகளுக்கு நடுவிலேயே உருளைக்கிழங்கும் ஓட்ஸும் விதைத்தார்களாம். சொல்லிவிட்டு எலும்பைக் கடித்துத் துப்பினார்.

"அதோட பார்த்தா சதீசனுக்கு நாம குடுத்திருக்கறது மாளிகை."

எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தியும் சிரித்தார்.

"அந்தக் கட்டை வீட்டுல இருந்தவன் விதைச்சது அவன் நிலத்துல, கோபால் சார்" என்றாள் கலா. "கொஞ்ச வருஷத்துல நல்ல வீடு கட்டிக்கிட்டுப் போயிருப்பான். இவங்க யாருக்கு விதைக்கறாங்க?"

யாரோ தயிர்ப் பச்சடி கேட்டார்கள். கலா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். எண்ணெய் மினுங்கும் அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குமட்டியது.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் யாரோ, கன்டெய்னரில் ஆள் குடியிருப்பதாகப் புகார் செய்ய, உள்ளூர் நகராட்சிக் கவுன்சிலிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. கோபாலகிருஷ்ணன் உடனே ஏற்பாடு செய்தார். அன்று காலை சதீசனும் வதனியும் ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மெத்தை வைக்கோல் கொட்டகைக்குப் போக வேண்டும். கன்டெய்னர், சாமான் போடும் இடம் போலத் தெரிய வேண்டும். பங்குதாரர் சார்பில் யாராவது ஒருவர் நிற்க வேண்டுமே என்றபோது, கலாவுக்கு அன்று விடுமுறை என்று ஈஸ்வரமூர்த்தி அவளை அனுப்பிவைத்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது இருவரும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. சதீசன் அதைக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனான். வதனி மட்டும் திரும்ப உள்ளே போய், சுவரில் ஒட்டியிருந்த முருகன் படத்தைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்தாள். பிறகு இரண்டு பேரும் தெருவுக்கு நடந்தார்கள். சொந்த வீட்டைத் துடைத்துவிட்டுத் திருடர்கள் மாதிரி போகிறார்களே என்று கலாவுக்கு இருந்தது. அவளுடைய வீட்டுச் சமையலில் ஒரு வருடமாக இவர்கள் பறித்த கீரைதான். அதை நினைத்ததும் வாயெல்லாம் கசந்தது.

அதிகாரி ஓர் இளம் பெண். கொட்டகையைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், இங்கே யாராவது தங்குகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் கலாவை அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல் வாய்வரை வந்து நின்றது. இரண்டு பேர் தங்குகிறார்கள் என்றாள் கலா. கன்டெய்னரைத் திறந்து காட்டினாள். கழிவறைப் பூட்டையும் காட்டினாள். அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அங்கே இனி ஒரு ராத்திரிகூட யாரும் படுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

செய்தியைச் சொல்ல ரயில் நிலையத்துக்குப் போனாள் கலா. வதனி நன்றி சொல்வாள் என்று மனதுக்குள் எங்கோ எதிர்பார்த்திருந்தாள்.

"எங்களை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?" என்றாள் வதனி. "நீங்கள் சொல்லிப்போட்டுக் கார்ல ஏறி வீட்ட போயிடுவியள். நாங்கள் எங்கயக்கா போறது? ஊத்தையெண்டாலும் தலைக்கு மேல ஒண்டு இருந்தது."

கலா கார்க் கதவைத் திறந்து நின்றாள். போக வேறு இடம் இல்லாததால்தான் அவர்கள் ஏறினார்கள்.

வீட்டில் ஈஸ்வரமூர்த்தி கத்தவில்லை. நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நாலு பேரை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, உங்களை நினைத்தாலும்தான் என்றாள் கலா.

முன்னறையில் ஒரு மாதம் இருந்தார்கள் இருவரும். வதனி சமையலறைப் பக்கம் வந்தால் பாத்திரம் கழுவிவிட்டுப் போவாள். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். பிறகு தூரத்தில், ஷெப்பர்டன் பக்கம், தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் ஒன்றில் சதீசனுக்கு வேலை கிடைத்தது. சாமான் எல்லாம் சேர்த்து மூன்று பைதான். சதீசன் கும்பிட்டு நன்றி சொன்னான். வதனி, அழைத்துப்போக வந்த காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பிழையில்லை."

"தப்பே இல்ல" என்றாள் கலா.

"சரி. போட்டு வாறம்."

கார் தெருமுனை திரும்பியது. வீட்டுக்குள் ஈஸ்வரமூர்த்தி கோபாலகிருஷ்ணனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பண்ணைக்குப் புது ஆள் பார்த்தாகிவிட்டதாம். இந்த முறை ஆள் தங்கக் கன்டெய்னருக்குப் பதில் கேரவன் வாங்கிப் போடுகிறார்களாம். இடையில் எதற்கோ சிரித்தார். அவர் பேசி முடிக்கும்வரை கலா வாசலிலேயே நின்றாள்.