மூன்றாவது மாடிக் கேரல்

சிட்லபாக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் எங்கள் சர்ச்சின் கேரல் ரவுண்ட்ஸ் சில வருஷங்களாகவே சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கனடா, துபாய் என்று போக, பெரியவர்களும் பின்னாலேயே போனார்கள். பாதி வீடுகளில் பூட்டு. அப்படிப் பூட்டிக் கிடந்த அசரியா சார் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியபோது, தெருவே நாசமாகிவிடும் என்று பில்டரோடு சண்டை போட்டவள் நான்.

இந்த டிசம்பரில் அந்தப் படிகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினேன். மணியடித்த கதவெல்லாம் திறந்தது. விபூதி பூசிய ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பாட்டுக்குத் தாளம் போட்டார். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் பாடிப் பாடி என் தொண்டை கட்டிக்கொண்டது.

"போதும் பியூலா அக்கா, இறங்கிடலாம்" என்றான் கிட்டார் வாசித்த ஜாய்சன்.

"இறங்கறதா? மேல கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்கடா, வா!"