பன்னிரண்டு சுற்று

சத்யாவின் விமானம் ஒன்பதாவது சுற்றிலேயே மூச்சு வாங்கித் தரையிறங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வரும் மெஷின்கள் மேல் சுற்றியிருக்கும் வெள்ளை ஃபோமை வெட்டி ஒட்டிச் செய்த, ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம். பேட்டரி பழசு. பொன்னேரிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் இன்று போட்டி. இரண்டிரண்டு விமானங்களாகச் சேர்ந்து பன்னிரண்டு சுற்று வர வேண்டும். ஒன்று இறங்கினால் ஜோடியே வெளியே.

எத்தனையோ பேர் ஜோடி சேரக் கேட்டும், "எனக்கு சத்யாதான்" என்று அடம்பிடித்தவள் பழவேற்காட்டு மெஹர்னிசா, கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி. அவள் முகத்தில் கரியைப் பூசிவிடக் கூடாதே என்பதுதான் சத்யாவின் கவலை.

அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வருகிறவள் அவள். எதிர்காற்றை லாரி வாங்கிக்கொள்ளும், பெட்ரோல் மிச்சம். அதே கெட்டிக்காரத்தனத்தை வானத்திலும் காட்டி, மெஹர்னிசாவின் பெரிய விமானத்துக்கு நேர் பின்னால் தன் குட்டியை ஓட்டினாள்.

அங்கே போனதும் அது பொதுக்கென்று இறங்கும். தூக்கிப் பிடிக்க விசையை ஏற்றுவாள், ஏற்றிக்கொண்டே இருப்பாள். பயிற்சியிலும் இதே கதைதான்; பழியெல்லாம் பாவம், பேட்டரிக்கு.

ஐந்தாவது சுற்றில் கடற்காற்று ஒரு தள்ளு தள்ளியது. குட்டி வலப்பக்கம் ஒதுங்கி, பெரியதன் இறக்கை நுனியைத் தாண்டிப் போனது. தொலைந்தோம் என்று நினைத்தாள். அதுவோ மேலே ஏறியது! விசையைக் குறைத்தாள். அப்போதும் ஏறியது.

"மெஹர்! உன் றெக்கை காத்தைக் கீழ தள்ளித்தான மெதக்குது? நான் அதுக்குள்ளயே பூந்துக்கினு இருந்திருக்கேன். நுனிக்கு அந்தாண்ட அதே காத்து சுத்திக்கினு மேல வருதுடீ, என்னைத் தூக்கினு போவுது!"

"அப்ப இத்தினி நாளா இன்னாடீ பண்ணிக்கினு இருந்த?"

"லாரி மாதிரின்னு நெனச்சேன்."

மெஹர்னிசா சிரித்த சிரிப்பில் அவள் விமானமே ஆடியது.

அந்த இடத்தைப் பிடித்து வைப்பது லேசில்லை. உள்பக்க இறக்கை எழும்பி, குட்டியை வெளியே புரட்டப் பார்த்தது. சத்யா கட்டைவிரலால் தாஜா பண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது வந்தது, போனது. பேட்டரி தீர்ந்தால் ரிமோட்டில் கத்தும் பஸ்ஸர் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டு முடிந்ததும் வயலே எழுந்து கைதட்டியது. சத்யாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"எறக்கலாமாடீ?" என்றாள் மெஹர்னிசா.

"இன்னும் பஸ்ஸர் கத்தல. நீ போ, நான் பக்கத்துலயே வரேன்."

பதின்மூன்றாவது சுற்றை யாரும் எண்ணவில்லை.