அலசல் தண்ணீர்

செங்கோட்டையனின் நாக்கைத் திருப்பூர் சலவைப் பட்டறைகளில் தெரியாதவர்கள் கிடையாது. பனியன் துணியை வெளுத்து, ஆசிட் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு, அலசி அலசி அந்த ஆசிட்டை விரட்ட வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் காயும்போது துணி இற்றுப்போகும். செங்கோட்டையன் துணியின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார். "புளிக்குதப்பா, இன்னொரு தண்ணி போடு" என்று அவர் சொல்லிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். எந்த ஆசிட்டும் தண்ணீருக்கு அடங்கும் என்பது அவர் கண்ட வேதம். அந்த வேதத்தை அவர் பட்டறையோடு விட்டிருக்கலாம்.

அறுபத்தாறாம் வருஷச் சித்திரையில் அவர் மனைவி செல்லாத்தாளுக்கு வாந்திபேதி கண்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து சலைன் ஏற்றியதும் பேதி நின்றது. கண் திறந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று கேட்கவும் செய்தாள். செங்கோட்டையன் பழனி முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டார். ஆனால் அப்புறம் ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. படுத்த இடத்திலேயே, மேட்டில் ஓடி ஏறியவள் போல ஆழ ஆழ மூச்சு வாங்கினாள்.

டாக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"ஏனுங்க, பேதியில உடம்பு வறண்டப்ப கிட்னிக்குப் போற ரத்தம் கொறஞ்சு, அது ரெண்டும் வேலையை நிறுத்திருச்சுங்க. ரத்தத்தை வடிகட்டி, நல்ல தண்ணியையும் உப்பையும் திருப்பி எடுத்துக்கிட்டு, மிச்சத்தை மூத்திரமா விடறது அதுக வேலை. நாம சும்மா இருந்தாலும் உடம்புல ஆசிட் ஊறிட்டே இருக்கும். அதையும் அந்த வழியாத்தான் தள்ளணும். இப்ப வழி அடைச்சிருக்குது, ரத்தம் புளிச்சுப் போச்சு. அந்தப் புளிப்பைக் காத்தா ஊதித் தள்ளத்தான் இப்படி மூச்சு வாங்குதுங்க."

பெண்டாட்டி ரத்தத்தில் ஆசிட்டா!

"தன்னால சரியாகுங்களா?"

"பெரும்பாலும் கொஞ்ச நாள்ல முழிச்சுக்கும். அது வரைக்கும் நாக்கை நனைக்கற அளவுக்குத்தான் தண்ணி. ஞாபகம் வெச்சுக்கோங்க."

ஞாபகமெல்லாம் வைத்துக்கொண்டார், நம்பத்தான் இல்லை. தண்ணீர் வற்றியதால் வந்த நோய்க்குத் தண்ணீர் கூடாதாம்! ஆசிட் தங்கிய துணியை அலசாமல் வைக்கச் சொல்கிறவனைப் பட்டறைக்குள்ளேயே அவர் விடமாட்டார். செல்லாத்தாளோ வெடித்த உதடுகளோடு, "ஒரு வாய் தண்ணி குடுங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது" என்று கெஞ்சினாள்.

நர்ஸம்மா சாப்பிடப் போன மத்தியானத்தில் கொடுத்தார். செம்பு காலியானதும் குழாயடிக்கு ஓடி மறுபடி நிரப்பினார். அவள் மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. "இன்னொரு தண்ணி, செல்லா. அத்தனையும் அலசிட்டுப் போயிரும்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் அவளால் படுக்க முடியாமல் போனது. எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திணறினாள். நெஞ்சுக்குள் சோறு கொதிப்பது போலச் சத்தம். வாயோரம் நுரை தள்ளியது, அதில் ரத்தச் சிவப்பு. செங்கோட்டையன் போட்ட கூச்சலில் ஓடி வந்த டாக்டர், கட்டிலடியில் கிடந்த செம்பைப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"அலச வேண்டாமுங்களா சாமி... ஆசிட்டுன்னு சொன்னீங்களே..."

"வழி அடைச்சிருக்குதுன்னு சொன்னேனே! உள்ள போன தண்ணி எங்கய்யா போகும்? ரத்தத்துலயே நின்னு இப்ப நுரையீரலுக்குள்ள எறங்கிருச்சு. படுக்கையில இருந்துக்கிட்டே முழுகறாங்கய்யா!"

பட்டறையில் வடிகால் அடைத்துக்கொண்டால் செங்கோட்டையன் தொட்டிக்குத் தண்ணீர் விடமாட்டார். அதுகூடவா தோன்றவில்லை? அவர் கண்ணெதிரே டாக்டர் செல்லாத்தாளின் கை நரம்பில் ஊசி குத்தி, பாட்டில் நிறைய ரத்தத்தை வெளியே எடுத்தார். பாரம் குறைந்தால்தான் மூச்சு வருமாம். தான் ஊற்றிய தண்ணீருக்காக அவள் ரத்தம் போவதைப் பார்த்து, செங்கோட்டையன் தலையில் மடேர் மடேரென்று அறைந்துகொண்டார்.

எப்படியோ பிழைத்தாள். சில நாள் கழித்து ஒரு காலையில் சிறுநீர் இறங்கியது. முதலில் கொஞ்சம்தான், அப்புறம் குடம் குடமாக. டாக்டர் அதில் ஒரு நீலக் காகிதத்தை நனைத்துக் காட்டினார். அது சிவந்தது.

"பாருங்க, ஆசிட் வெளிய வருது. இனித்தான் தண்ணி நெறையக் குடிக்கணும். போறதுக்கு ஈடு குடுக்கலீன்னா மறுபடி வறண்டுரும். நீங்களே குடுங்க."

செங்கோட்டையன் செம்பை நிரப்பிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார். கை நீளவில்லை. தண்ணீர் தளும்பித் தளும்பி அவர் காலிலேயே கொட்டியது.

"குடுங்க மாமா, தாகமா இருக்குது" என்றாள் செல்லாத்தாள்.

"என்னால ஆகாது புள்ள" என்று அவர் விக்கி விக்கி அழுதார். "வேற யாராச்சும் வந்து குடுக்கட்டும்."