பேர் வாசிக்க முன்னம்

ரொஷேல் கதவைச் செருப்பால் அடித்தாள். அழைப்பு மணி வேலை செய்யவில்லை. உள்ளங்கை ஏற்கெனவே சிவந்து போயிருந்தது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கை, மூன்றாம் மாடி. பக்கத்து வீட்டுப் பெண் தலையை நீட்டி, ஆளில்லாவிட்டால் பிறகு வரலாம்தானே என்றாள். உள்ளே ஆள் இருந்தது. கதவின் பார்வைத் துளைக்குப் பின்னால் நிழல் அசைந்ததை ரொஷேல் கண்டுவிட்டாள்.

"அன்ரி, நான் பேப்பர்காரி இல்ல. என்ர மனுசனைக் கடலில காணேல்ல. இண்டைக்குப் பின்னேரப் பூசையில செத்தவருக்கெண்டு அவரிட பேரை வாசிக்கப் போகினம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

கதவு திறந்தது.

இந்த வீட்டுப் பெண்ணின் கதையைச் சினிமாப் படமாக எடுத்திருந்தார்கள். அதில் இவளாக நடித்தவள் நனைந்த கூந்தலும் எரிகிற கண்களுமாக இருந்தாள். திறந்தவள் மூக்குக் கண்ணாடி போட்டு, விரல்களில் உள்ளித்தோலோடு நின்றாள். இவள்தான் சுதர்சினி. அந்தப் படத்தின் உண்மையான ஆள். ரொஷேல் வேலை செய்யும் புடவைக்கடைக்குத் துணி எடுக்க வருபவள். கூட வேலை செய்யும் ஷிம்னாதான் ஆளை அடையாளம் கண்டு, வீட்டையும் சொல்லியிருந்தாள்.

வாசலிலேயே நின்று ரொஷேல் கொட்டித் தீர்த்தாள். கணவன் கிளைவ் மட்டக்குளியிலிருந்து ஆழ்கடலுக்குப் போன போட்டில் ஏறியவன். அவனோடு இன்னும் நாலு பேர். ஒரு காற்று நாளோடு வயர்லெஸ் செத்தது. பிறகு செய்தியே இல்லை. போட் முதலாளி ஒஸ்வால்ட், கெஞ்சியும் திட்டியும் கேட்ட பிறகு, நாளை விடிய ஒரு போட்டைத் தேட அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். அதற்குள் மாமியார் பேர்ணடெற் கோவிலில் இறந்தவர்களுக்கான பூசைக்கு மகனின் பெயரைக் கொடுத்துவிட்டாள். பெயரை வாசித்தால் எல்லாம் முடிந்தது. செத்தவனென்று பீடத்தில் சொல்லப்பட்ட ஆளைத் தேடி அந்தக் கரையில் ஒருவனும் போட்டில் ஏறமாட்டான். தன் ஆட்களைத் தன்னாலும் வற்புறுத்த முடியாது என்று ஒஸ்வால்ட் நல்ல பிள்ளை போலக் கையை விரித்திருந்தார்.

சுதர்சினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"படத்தை முழுக்கப் பாத்தனீங்களோ?"

முழுக்கவா? அந்தப் படந்தான் ரொஷேலுக்குச் சோறும் நித்திரையும். திருகோணமலைப் பெண் ஒருத்தியின் கணவனைக் கடல் கொண்டுபோகிறது. ஊரே கைவிட்டும் அவள் விடவில்லை. தேட வைக்கிறாள். கடைசியில் அவன் கரையில் இறங்கி வருகிறான். அவள் செய்ததையெல்லாம் ரொஷேலும் செய்தாள். கறுப்பு உடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். மீன்பிடிக் கந்தோருக்குப் போய், படத்தில் வருகிற மாதிரியே, தேடப் போவதாகச் சொல்லும் வரைக்கும் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்றாள். அங்கிருந்த அதிகாரியும் அந்தப் படம் பார்த்தவர். "அடுத்த சீனில மழை பெய்யவேணுமே மிஸ்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் விழுங்கிக்கொண்டு கதிரையிலேயே இருந்தாள்.

சுதர்சினி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆட்டோவில் ஏறியதும், "மல்லி, இக்மனட்ட யன்ன" என்று, வேகமாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் டிரைவரை விரட்டினாள் ரொஷேல். பிறகு மெல்ல, அங்கிள் வீட்டில் இல்லையா என்று கேட்டாள். சுதர்சினி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை. அந்தோனியாரிடம் வந்த சனம் கொச்சிக்கடை வீதியை அடைத்திருந்தது. ஆட்டோ நகரவே இல்லை. இருவரும் இறங்கி ஓடினார்கள். பூமாலைக்காரர், மெழுகுதிரிக் கூடைகள், கைக்குழந்தைகள் எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு ஓடினார்கள். சுதர்சினியின் மூச்சு இரைத்தது. ரொஷேல் அவள் கையை விடவில்லை.

கொட்டாஞ்சேனைக் கோவில் வாசலை மிதிக்கும்போதே ஒலிபெருக்கியில் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒரு பிலோமினா. யாரோ ஒரு சவரிமுத்து. ரொஷேல் நடுப்பாதையால் பாய்ந்து போய் மைக்கைக் கையால் பொத்தினாள். வாசித்த மனிதர் திகைத்து நின்றார். ஒலிபெருக்கி கீச்சிட்டு அடங்கியது.

பேர்ணடெற் முன்வாங்கிலிருந்து எழுந்து வந்தாள். கோபமாக வரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"விடு மகள். ஒரு மெழுகுதிரியும் இல்லாம, ஒரு செபமும் இல்லாம, என்ர பிள்ளை உப்புத் தண்ணிக்குள்ள எத்தினை நாளைக்குக் கிடக்கிறது?"

"மாமி, இவவைப் பாருங்கோ. படத்தில வாறவ. இவட மனுசனையும் முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் சொன்னவை. இவ விடேல்ல. அவர் வந்தவர்."

கோவில் முழுக்கத் திரும்பியது. முதல் வரிசையில் நின்ற ஒஸ்வால்டும் திரும்பினார். சுதர்சினியைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. மெல்லப் பின்வாங்கித் தூணுக்கு அந்தப் பக்கம் போனார்.

பேர்ணடெற் சுதர்சினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கோ. சத்தியமா வந்தவரோ?"

சுதர்சினி பீடத்தைப் பார்த்தாள். பிறகு ரொஷேலைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "வரேல்ல."

மைக்கைப் பொத்தியிருந்த கை தானாக விழுந்தது. அவனுக்கென்று உலையில் போட்ட ஒவ்வொரு பிடி அரிசியும் ரொஷேலுக்கு நினைவு வந்தது.

"அப்ப படத்தில..."

"படத்திலயெண்டாலும் ஒருக்கா வந்திறங்கட்டும் எண்டு நான்தான் கேட்டனான். எனக்குப் பாக்கவேணும் போல இருந்துது."

பேர்ணடெற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசிக்கும்படி அந்த மனிதருக்குத் தலையசைத்தாள். ரொஷேல் தடுக்கவில்லை. தடுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் சுதர்சினி. "நான் விடாமக் கத்தினபடியாத்தான் ஒரு போட் தேடிப் போனது. அது வெறுமையாத் திரும்பேல்ல. மீன் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு மிதந்த ரெண்டு பெடியளை ஏத்திக்கொண்டு வந்தது. அவையள் வேற போட். கொழும்பிலயிருந்து கூலிக்கு வந்த பெடியள். அந்தப் போட் கடலில மூழ்கினதே கரையில ஒருத்தருக்கும் தெரியாது. அவையளைத் தேடி ஒருத்தரும் போகேல்ல."

சுதர்சினி தூணின் பக்கம் பார்த்தாள்.

"ஒரு பெடியன் ஆசுபத்திரியில முடிஞ்சு போனான். மற்றவர் சுகமாகி, என்ர காலைத் தொட்டு அழுதுபோட்டுத்தான் ஊருக்குப் போனவர்."

சுதர்சினி ரொஷேலின் தோளைப் பிடித்துத் தூணின் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்குப் போட் போகுமோ எண்டு அந்த மற்றவரிட்டயே கேளுங்கோ மகள். அந்தா, ஒளிச்சு நிக்கிறார்."