பட்டை போட்ட ஏணி

ஏணி சுவரில் இடித்து இடித்து மாடிப்படி ஏறி வந்தது. கூடவே வெல்டரின் மூச்சும் வந்தது. கட்டிலில் கிடந்த பெயின்டர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். இந்தச் சத்தத்துக்காகத்தான் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான்.

“வந்துட்டாருய்யா உன் சாட்சி!” வெல்டர் ஏணியை அறை வாசலில் சாய்த்தான். “படியா இது? இதுல ஏறுறதுக்குத் தனியா ஒரு ஏணி வேணும் போல.”

பெயின்டர் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு ஏணியைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

ஏணி மாப்பிள்ளை மாதிரி இருந்தது. காலில் ஒட்டியிருந்த பழைய பெயின்ட் சொட்டெல்லாம் சுரண்டியாகிவிட்டது. நடுவில் மடங்குகிற இடத்தில், பூட்டு உடைந்து பல்லிளித்துக்கொண்டிருந்த இடத்தில், இரும்புப் பட்டை வைத்துத் துளை போட்டு போல்ட் முறுக்கியிருந்தது. பட்டைக்கு வெள்ளிப் பெயின்ட் வேறு.

“பூட்டு எங்கடா?”

“எந்தப் பூட்டு?”

“இங்க இருந்துச்சே. காது பிஞ்சு தொங்குச்சே, அது.”

“அது எதுக்கு இனிமே? கிரைண்டர்ல வழிச்சு எறிஞ்சுட்டேன். பழைய சாமான்காரன் அலுமினியம்னதும் வாயெல்லாம் பல்லா அள்ளிட்டுப் போயிட்டான்.” வெல்டர் ஏணியின் இடுப்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். “இப்ப யானை ஏறினாலும் மடங்காது. ஏறிப் பாக்குறியா?”

“வக்கீலம்மா பாக்கணும்னு சொல்லித்தானேடா கட்டடத்துல கிடந்ததைக் கொண்டாரச் சொன்னேன்?”

“அதனாலதான் மாப்ளே! உடைஞ்சதைக் கொண்டுபோய் ஒரு படிச்ச பொம்பள முன்னாடி வைக்க முடியுமா? என் பட்டறை மானம் என்னாவுறது?”

பெயின்டரால் வெல்டரைத் திட்ட முடியவில்லை. இருபது வருஷமாக ஒரே கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். உடைந்த பொருளைப் பார்த்தால் இவர்களுக்குக் கை சும்மா இருக்காது. உடைந்ததை உடைந்தபடியே வைத்துப் பாதுகாப்பது என்ற ஒரு வேலை உலகத்தில் இருப்பதே வக்கீலம்மா சொல்லித்தான் பெயின்டருக்கும் தெரியும்.

பெயின்டர் விழுந்தது ஒரு புது வீட்டின் படிக்கட்டுக் கூரைக்கு வெள்ளையடிக்கும்போது. மடக்கு ஏணியை நேராக நீட்டி, பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். ஏணி வாங்கி ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. தலைக்கு மேலே ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தவன் காலுக்குக் கீழே ஏணி மண்டி போட்டது. வலது குதிகால் அப்பளமாக நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். தகடு சரியாக உட்காரவில்லை, இன்னொரு முறை திறக்கணும் என்கிறார் டாக்டர்.

காலைவிட வேறொன்றுதான் அவனை அரித்தது. “தண்ணியைப் போட்டுட்டு ஏறியிருப்பான்” என்று கட்டடத்தில் யாரோ சொன்னார்கள். அது அப்படியே பரவி, தொலைதூரத்தில் கல்யாணமாகிப் போயிருந்த மகள் காதுவரை போய்விட்டது. அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவள் பார்த்து வளர்ந்த அப்பன் குடிகாரன்தான். சம்பள நாளில் அவனைத் தெருவிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவள் அவள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, பொண்டாட்டி படுக்கையில் விழுந்தபோது, அவளைத் தூக்கி உட்கார்த்த நிதானமான கை வேண்டுமே என்று குடியை விட்டான். பொண்டாட்டி போய்ச்சேர்ந்த பிறகும் தொடவில்லை. அதைப் பார்த்த ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தாள்.

மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். “உண்மையைச் சொல்லுப்பா, நான் திட்ட மாட்டேன்” என்பாள். “குடிக்கலம்மா” என்பான். “சரிப்பா” என்பாள். அந்த “சரிப்பா” குதிகாலைவிட வலித்தது. கோர்ட்டில் ஒரு நீதிபதி, ஏணிதான் கெட்டது, இந்த ஆள் நிதானமாகத்தான் இருந்தான் என்று சொல்லிவிட்டால் போதும். அதற்காகத்தான் ஏணிக் கம்பெனிமேல் கேஸ்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. சுவரோரம் கேஸ் சாமான்கள் அடுக்கியிருந்தன. வெடித்த குக்கர், கருகிய சார்ஜர், பாதி காலியான மாத்திரை அட்டைகள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தைக்குப் போர்த்திவிட்ட மாதிரி வைத்திருந்தாள். அதற்கு நடுவே பளபளவென்று ஏணியைக் கொண்டுபோய் நிறுத்தினான் வெல்டர்.

வக்கீலம்மா பட்டையைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“யாரு அண்ணே இதைச் செஞ்சது?”

“நான்தாம்மா,” என்றான் வெல்டர், பெருமை இன்னும் மிச்சமிருந்த குரலில்.

“நல்லா செஞ்சிருக்கீங்க. கேஸை அடக்கமே பண்ணிட்டீங்க.”

வெல்டரின் முகம் சுருங்கியது. அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “வழிச்சு எடுத்தீங்களே, அப்ப அந்தப் பூட்டு எப்படி இருந்துச்சு?”

“காது பிஞ்ச இடத்துல உள்ள ஓட்டை ஓட்டையா இருந்துச்சும்மா. அரிச்ச பல்லு மாதிரி. வார்க்கும்போதே காத்து பூந்திருக்கு.”

பெயின்டர் திரும்பி அவனைப் பார்த்தான். “இதை ஏன்டா இத்தனை நாளா எங்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கலியே. நீ விழுந்ததுல ஏணி உடைஞ்சுதுன்னு நெனச்சேன். ஏணி உடைஞ்சு நீ விழுந்தேன்னு எனக்கெப்படித் தெரியும்?”

வக்கீலம்மாவின் பேனா நின்றது. பெயின்டர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டடத்தில் அந்தக் குடிப் பேச்சுக்கு வாயசைத்தவர்களில் வெல்டரும் ஒருத்தன் என்று அப்போதுதான் உறைத்தது.

கேஸ் இழுத்தது. வெல்டர் பார்த்ததைச் சொல்லி எழுதிக் கொடுத்தான், அதில் குறை சொல்ல முடியாது. கம்பெனிக்காரர்கள் ஏணியை வந்து பார்த்தார்கள், பட்டையைப் படம் பிடித்தார்கள், தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நாள் வக்கீலம்மா வரச்சொன்னாள். வெல்டர்தான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

“சமாதானத்துக்கு வர்றாங்க அண்ணே. உங்க ஆபரேஷனுக்குத் தாங்கும். ஆனா கம்பெனி மேல தப்புன்னு ஒத்துக்க மாட்டாங்க. தப்பில்ல, இருந்தாலும் குடுக்குறோம்னுதான் எழுதியிருக்கு.”

“ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? ஏணி சரியில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை.”

“அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம இருக்கத்தான் இந்தக் காசே. அதோட இதைப் பத்தி வெளிய பேசக் கூடாது. மீறினா காசைத் திருப்பிக் கேப்பாங்க.”

“என் பொண்ணுகிட்ட?”

அவள் தாளைப் புரட்டினாள். “பொண்டாட்டிகிட்டச் சொல்லலாம்னு இருக்கு. பொண்ணுன்னு இல்ல. கேட்டுப் பாத்தேன், மாத்த மாட்டேன்னுட்டாங்க.”

“பொண்டாட்டிகிட்டத் தாராளமாச் சொல்றேன். அவதான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டா.”

வக்கீலம்மா சிரிக்கவில்லை. “உடைஞ்ச பூட்டு இருந்திருந்தா நானே கையெழுத்துப் போட விட மாட்டேன். இப்ப கோர்ட்டுக்குப் போனா அந்த வார்த்தையும் இல்ல, காசும் இல்லன்னு ஆயிரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? கால் வேண்டும். கால் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அந்த அறைக்கு வாடகை. சுண்ணாம்பு அரித்த விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். இறங்காமல், வெல்டரின் முதுகைப் பார்த்தபடியே கேட்டான்.

“மாப்ளே, நீ அந்தச் சமாதானத் தாள்ல கையெழுத்துப் போடலியே. நீ என் பொண்ணுகிட்டப் பேசேன். அப்பன் குடிக்கல, ஏணிதான் காரணம்னு சொல்லிரு.”

வெல்டர் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். உடனே பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

“ஓட்டையைப் பாத்தேன்னு சொல்றேன்டா. எத்தனை தடவை வேணா சொல்றேன். நீ குடிக்கலைன்னு நான் எப்படிச் சொல்வேன்? அன்னிக்கு உன் வாயை மோந்தா பாத்தேன்?”

“என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. குடிச்சிருந்தேன்னு நீ நெனைக்குறியா?”

“விடுடா. குடிச்சாத்தான் என்ன? நான் குடிக்கலியா? அதுக்காக உன்னை விட்டுட்டேனா?” என்று வண்டியைக் கிளப்பினான் வெல்டர். மனசார அன்போடுதான் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து, வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் கூப்பிட்டாள். பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“கேஸ் முடிஞ்சுதுன்னியேப்பா, என்ன சொன்னாங்க? யார் மேல தப்பாம்?”

அவன் வாயைத் திறந்தான். ஏணியில் ஓட்டை என்று சொல்லிவிடலாம். பேச்சுவாக்கில் அவள் வாயிலிருந்து நாலு பேருக்குப் போகும், ஆபரேஷன் காசு போகும். அதுகூடப் போகட்டும். கையில் இருக்கிற ஒரே தாளில் ‘தப்பில்லை’ என்றல்லவா அச்சடித்திருக்கிறது. வாய்ச்சொல்லைத்தான் அவன் ஏற்கெனவே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்த்துவிட்டானே.

“யார் மேலயும் சொல்லலம்மா. முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.”

கத்துகிற குழந்தைகளை அவள் அதட்டி அடக்கினாள். பிறகு, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரிக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சரி விடுப்பா. அதுக்காக நான் உன்மேல கோபமா இல்ல. அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். நீ மனசுல வச்சுக்காதே.”

“ம்.”

“இனிமேலாவது நிதானமா இரு, என்ன?”

“இருக்கேன் கண்ணு.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்” என்றான். சாப்பிடவில்லை. அதை அவள் உடனே நம்பிவிட்டாள்.