வெள்ளிக்கிழமை வந்த ஆளு

பஸ் ஸ்டாண்டைப் பெருசாக்க செங்கல்பட்டு கடைத்தெருவை இடிக்கிறதுன்னு முனிசிபாலிட்டியில முடிவாச்சு. நடக்குற கடைக்கு மட்டும்தான் வேற எடம். ஜலாலுதீன் பாயோட கைலிக் கடையில நான் வேலை செய்யிறேன். ஊரு ரொம்ப தூரம், ராத்திரி படுக்கையும் கடையிலதான்.

வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திட்டு ரெண்டு பேரும் தொழுகைக்குப் போனோம். எப்பவும்போல எதிர்ல மீன் விக்கிற குப்பம்மாதான் காவல். திரும்பி வந்தா சிரிச்சுகினு நிக்குது.

"பாய், அபராதம் போட ஒருத்தன் வந்தான். இந்தக் கடை மூடி ஆறு மாசம் ஆவுதுன்னு சொல்லி வெரட்டிட்டேன்!"

வந்தவன் அபராதம் போட வரல, எந்தக் கடை நடக்குதுன்னு கணக்கெடுக்க வந்தவன். திங்கக்கிழமை முனிசிபாலிட்டி ஆபீசுக்கு ஓடினோம். "மூடுன கடைன்னு எழுதியாச்சு, போங்க"ன்னுட்டாங்க.

குப்பம்மா தலையில அடிச்சுகினு அழுதுச்சு. "என்னைத் திட்டு பாய்."

"திட்டி இன்னா ஆவப்போவுது? உன் எடமும்தான் போவுது. உன்னை எழுதினானா?"

"தரையில குந்துறவள யாரு எழுதுவா?"

அடுத்த வெள்ளிக்கிழமையும் பாய் அதுகிட்டயே கடையை வுட்டுட்டு வந்தாரு. தொழுதுட்டு வரசொல்லோ தெருமுனையிலயே சத்தம் கேட்டுது. பேண்ட் போட்ட ஆளையெல்லாம் நிறுத்தி குப்பம்மா கெஞ்சிகினு இருந்துச்சு.

"சாரு, இந்தக் கடை நடக்குது சாரு. எழுதிக்கோ!"